தெர்விஷாவின் மூன்றாவது காபி

தெர்விஷா ஓமனோவிச் எந்த மேடையிலும் நின்று பாடியதில்லை. முதலில் நாற்காலி கேட்பாள். உட்காருவாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வாள், பக்கத்து வீட்டுக்காரி சற்று நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப்போல. பிறகு கண்ணை மூடுவாள். அதோடு அவளுடைய ஆர்ப்பாட்டமெல்லாம் முடிந்தது. எதிரே சுரங்கத் தொழிலாளிகளும் பல் மருத்துவர்களும் கட்சிச் செயலாளர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒருவர் கைக்குட்டையை ஒருவர் பார்க்காததுபோல் பாவனை செய்தபடி அழுவார்கள். அவள் அழுததில்லை. கேட்டால், "நானும் அழுதா யாரு பாடுறது?" என்பாள்.

பாடியதெல்லாம் காதல் பாட்டு, அதுவும் கைகூடாத காதல். ஜன்னலுக்குக் கீழே நின்று காத்திருந்து செத்தவன், தோட்டத்தில் பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாடிப்போனவள், குதிரை ஏறிப் போய்த் திரும்பாதவன். சொந்த வாழ்க்கையில் இவை எதுவும் அவளுக்கு நேரவில்லை. போஸ்னியாவில் விசோகோ ஊரில் தோல் தொழிற்சாலையின் கையுறைப் பிரிவில் தையல்காரியாக இருந்தாள். இருபத்திரண்டு வயதில், தினமும் வேலைக்குப் போன பஸ்ஸின் கண்டக்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தக் கண்டக்டர் அவளிடம் பேசிய முதல் வாசகம், "உள்ள தள்ளி நில்லும்மா, இடம் இருக்கு" என்பது. இதை வைத்துப் பாட்டுக் கட்ட இதுவரை யாரும் துணியவில்லை.

அவன் பெயர் இத்ரிஸ். நல்லவன், நேரம் தவறாதவன், காது மட்டும் கிடையாது. செவிடு இல்லை. பஸ்ஸின் கடைசி சீட்டில் யாராவது மெல்லத் தும்மினாலும் முன்வாசலில் நிற்கிற அவனுக்குக் கேட்கும். ஆனால் ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ராணுவத்தில் இருந்தபோது அணிவகுப்புப் பாட்டுக்கு வாயை மட்டும் அசைக்கும்படி எழுத்து மூலம் உத்தரவு வாங்கியவன். அப்படிப்பட்டவன் வீட்டில்தான் அந்தக் குரல் இருபத்துநான்கு மணி நேரமும் குடியிருந்தது.

அந்தக் குரல் வீட்டைவிட்டு வெளியே போனதற்கும் காபிதான் காரணம், பிறகு அது வீடு திரும்பியதற்கும் காபிதான் காரணம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு வசந்தத்தில், தொழிற்சாலையில் தோல் வெட்டுகிற யோசோ என்பவன், மாலை வேளைகளில் அக்கார்டியன் வாசிக்கிறவன், சரயேவோ வானொலியின் நாட்டுப்பாடல் ஆசிரியரை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு வந்தான். ஆசிரியர் பெயர் மிலிவோய். ஐம்பது வயது, தொப்பி, முழங்கால்வரை குனிகிற மரியாதை. கையுறைப் பிரிவில் ஊசியோட்டத்துக்கு நடுவே தெர்விஷா பாடுவதைப் பற்றி யோசோ அவரிடம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்க, அவன் வாயை அடைப்பதற்காகவே அவர் பஸ் ஏறி வந்திருந்தார்.

முதல் காபி வந்தது. அது வந்தவரை வரவேற்க. செம்புக் குடுவையிலிருந்து பிடியில்லாத சிறு கிண்ணங்களில் ஊற்றி, ஓரத்தில் ஒரு துண்டு சர்க்கரை. பாதையைப் பற்றியும் பிளம் மரங்கள் பூத்திருப்பதைப் பற்றியும் பேசினார்கள். இரண்டாவது காபி வந்தது. அது பேசவேண்டியதைப் பேச.

"தோழர் தெர்விஷா, நீங்க பாடுவீங்கன்னு யோசோ சொன்னான்" என்றார் மிலிவோய்.

"யோசோ நிறைய சொல்லுவான்."

"நான் கொஞ்சந்தான் சொன்னேன். மிச்சத்த நீ பாடிக் காட்டு" என்றான் யோசோ, அக்கார்டியன் பெட்டியின் கொக்கியைத் தளர்த்திக்கொண்டே.

"ஒரே ஒரு பாட்டு. பிடிச்சா பிடிச்சது, இல்லேன்னா நல்ல காபி குடிச்ச கணக்கு" என்றார் மிலிவோய்.

தெர்விஷாவுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. அறுபது தையல் இயந்திரங்களுக்கு நடுவே பாடுகிறவளுக்கு, நான்கு சுவருக்குள் மூன்று ஆண்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க எப்படிப் பாடுவது என்று தெரியவில்லை. தப்பிக்கிற இடம் சமையலறை ஒன்றுதான். "இருங்க, இதோ வந்துர்றேன்" என்று எழுந்து போனாள். சமையலறைக்குப் போன கை சும்மா இருக்குமா? பழக்கத்தில் அது என்ன செய்யுமோ அதைச் செய்தது. ஐந்து நிமிடத்தில் தட்டோடு திரும்பினாள். தட்டில் புதிதாக நுரைத்த காபி.

மூன்றாவது.

எங்கள் வீடுகளில் மூன்றாவது காபி வந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. வீட்டுக்காரர் சொல்வதில்லை, விருந்தாளி கேட்பதில்லை. குடித்துவிட்டு எழுந்து விடைபெற வேண்டியது, அவ்வளவுதான். எத்தனையோ பகைகளும் சம்பந்தங்களும் அரசியல் கூட்டங்களும் இப்படி ஒரு வார்த்தைகூடக் கசக்காமல் முடிந்திருக்கின்றன.

மிலிவோய் கிண்ணத்துக்குள் ஒரு கணம் பார்த்தார். மூன்று மிடறில் குடித்தார். எழுந்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். "ரொம்ப சந்தோஷம். இந்த வீடு நல்லா இருக்கணும்" என்றார். குரலில் துளி வருத்தமில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை. யோசோ பெட்டியின் கொக்கியை மறுபடி மாட்டினான், சவப்பெட்டியை மூடுகிறவன்போல.

அப்போதுதான் தெர்விஷாவுக்குத் தான் செய்தது உறைத்தது. தட்டைப் பிடித்தபடி நின்றாள். 'நான் அந்த அர்த்தத்தில் கொடுக்கவில்லை' என்று சொல்லலாம். சொன்னால், அதற்கு அந்த அர்த்தம் உண்டு என்று ஒப்புக்கொண்டதாகும். போஸ்னியாவில் எந்த மானமுள்ள வீட்டுக்காரியும் அதை ஒப்புக்கொண்டதில்லை. வாய்க்கு வந்ததெல்லாம், "வழி பார்த்துப் போங்க" என்பதுதான்.

கதவு சாத்திய பிறகு இத்ரிஸ் கேட்டான்: "என்ன பொண்ணே இப்படிப் பண்ணிட்ட?"

"நான் எங்க பண்ணினேன்? கை பண்ணிச்சு."

"போய்க் கூப்பிடட்டுமா?"

"கூப்பிட்டு? நாலாவது காபி கொடுக்கறதா? அப்படி ஒண்ணு உலகத்துலயே கிடையாது, மனுஷா!" என்று கத்திவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

இத்ரிஸ் கண்டக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினான். மிலிவோய் சரயேவோவுக்குத் திரும்பவேண்டிய பஸ் அவனுடைய பஸ். அது இல்லாமல் அவர் எங்கும் போய்விட முடியாது என்பது ஒன்றுதான் அன்றைக்கு அவன் கையில் இருந்த துருப்புச் சீட்டு.

பஸ் நிலையத்தில் உரக்கச் சொன்னான்: "தோழர்களே, வண்டி கிளம்ப அரை மணி ஆகும்."

ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "எனக்குத் தெரியாதேப்பா?"

"இப்பத் தெரிஞ்சிருச்சில்ல."

பிறகு மிலிவோயிடம் போய், "அதுவரைக்கும் எதுக்கு நின்னுக்கிட்டு? வாங்க, ஆத்தோரமா ஒரு நடை நடந்துட்டு வரலாம்" என்றான். மறுக்க நாகரிகம் இடம் கொடுக்காததால் அவர் நடந்தார். யோசோ பின்னால் வந்தான். ஆற்றுக்குப் போகிற வழிகள் மூன்று. இத்ரிஸ் தேர்ந்தெடுத்த வழி அவனுடைய வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே போவது.

மேலே தெர்விஷா கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். கோபத்தில் இருந்தால் அவள் பாடுவாள், மற்றவர்கள் பாத்திரத்தை உருட்டுவதுபோல. ஆற்றங்கரைக் கல்லில் கல்யாணத் துணியை வெளுக்கப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணின் பாட்டு அது. குதிரையில் ஒருவன் போகிறான். 'ஏ, போகிறவனே' என்று கூப்பிடுகிறாள். அவன் திரும்பவில்லை. துணி வெளுத்துவிட்டது. கதை இவ்வளவுதான். ஆனால் அந்த 'ஏ' இருக்கிறதே, அது கீழே ஒரு கல்லிலிருந்து கிளம்பி, ஆற்றைத் தாண்டி, எதிர்க்கரை மேட்டில் ஏறி, குதிரைக்காரன் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அவனோடேயே போகும். அறுந்துவிடும் என்று தோன்றுகிற இடத்தில் இன்னொரு வளைவு எடுக்கும்.

மிலிவோய் நின்றார். தொப்பியைக் கழற்றினார். பழைய காலத்தில் வாலிபர்கள் ஜன்னலுக்கடியில் எப்படி நின்றார்களோ அப்படியே, ஐம்பது வயதில், ஈரமான சந்தில், கல்யாணமான பெண்ணின் ஜன்னலுக்குக் கீழே நின்றார். பக்கத்தில் அவளுடைய புருஷனே காவல். எங்கள் பாட்டுகள் எதிலும் இப்படி ஒரு காட்சி கிடையாது. தூரத்தில் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

பாட்டு முடிந்ததும் மிலிவோய் மேலே பார்த்துக் கூவினார்: "தோழர் தெர்விஷா! புதன்கிழமை காலைல பத்து மணி, வானொலி நிலையம்! மேல வரமாட்டேன், காபி குடிச்சாச்சு!"

உள்ளே ஒரு கிண்ணம் உடைகிற சத்தம் கேட்டது.

புதன்கிழமை காலை இத்ரிஸின் பஸ்ஸிலேயே அவள் சரயேவோவுக்குப் போனாள். பாதி வழியில், கூட்டம் சற்றுக் குறைந்ததும், அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"எனக்கு ஒரு வாக்குக் கொடு."

"பஸ்ஸுலயா?"

"பஸ்ஸுலதான். என் குரல் போற அன்னைக்கு நீ எனக்குச் சொல்லணும். ஊரு சிரிக்கறதுக்கு முந்தி சொல்லணும்."

"எனக்கு ஏது காது? யோசோகிட்ட கேளு."

"காது இருக்கறவன் பொய் சொல்லுவான், மனுஷா. மனசு நோகும்னு பொய் சொல்லுவான், வேலை போயிரும்னு பொய் சொல்லுவான். உனக்குத்தான் அந்தத் தொல்லையே இல்லையே. கொடு."

இத்ரிஸ் வாக்குக் கொடுத்தான். இருபத்தைந்து வயது மனைவியின் குரல் போவதாவது என்ற தைரியத்தில், இடதுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொடுத்தான்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை மாலைகளில் அவள் பாட்டு ஒலிபரப்பாகும்போது சந்தைத் தெருவில் தராசுகள் அந்தரத்தில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ஜெர்மனியில் கார் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த எங்கள் ஆட்கள் அவளுடைய இசைத்தட்டுகளைக் குளிர்காலக் கோட்டுக்குள் வைத்து எடுத்துப் போனார்கள். அந்த 'ஏ'யை வைத்துப் பெண் பார்த்தவர்கள் உண்டு, மன்னிப்புக் கேட்டவர்கள் உண்டு. தன் எருமைக்கு அவள் பெயரை வைத்த ஒருவர் அதைப் பெருமையோடு கடிதத்தில் தெரிவித்திருந்தார். அவள் அதற்குப் பதில் எழுதி, எருமையின் நலம் விசாரித்திருந்தாள்.

இவ்வளவுக்கும் அவள் கையுறை தைக்கும் வேலையை விடவில்லை. பாட்டு நிலையான உத்தியோகம் இல்லை என்பது அவளுடைய கருத்து. சாப்பிடுகிற இடத்தில் பாடமாட்டாள்: "முள்கரண்டிச் சத்தத்துக்கு என்னால சுதி சேர்க்க முடியாது." மற்றப் பாடகிகளைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. யாராவது பெயரைச் சொன்னால், "அவ துணிமணியெல்லாம் ரொம்ப நேர்த்தி" என்று மட்டும் சொல்வாள். அதற்குப் பிறகு அந்தப் பாடகியைப் பற்றி அந்த அறையில் பேச்சே எழாது.

இத்ரிஸ் அவளுடைய எல்லாக் கச்சேரிக்கும் போனான். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. பாட்டு அவனுக்கு முன்போலவே விளங்கவில்லை. ஆனால் வானொலியில் அவள் முதன்முதல் பாடிய அன்று, பாடும் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தான். அந்த 'ஏ' முடிந்ததும் அவனுக்கு மூச்சு வாங்கியது. அது நீண்ட நேரமெல்லாம் தான் மூச்சே விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்த தடவை வேண்டுமென்றே செய்து பார்த்தான். அவள் 'ஏ' என்று தொடங்கும்போது இவன் மூச்சை இழுத்து நிறுத்துவான். அவள் போய்க்கொண்டே இருப்பாள். இவனுக்குக் காது அடைக்கும், கண் இருட்டும், தோற்றுப்போய் விட்டுவிடுவான். அவள் அதற்கப்புறமும் போவாள். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. மற்றவர்கள் பாட்டுக் கேட்பது என்று சொல்வது இதைத்தான்போலும் என்று நினைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

எண்பத்தேழு செப்டம்பரில் ஸெனிட்சா நகரத்தில், உருக்காலைத் தொழிலாளர் அரங்கில், அவன் ஜெயித்தான்.

அவள் 'ஏ'யை முடித்துவிட்டாள். இத்ரிஸின் நெஞ்சில் இன்னும் காற்று இருந்தது. அரங்கம் எழுந்து கைதட்டியது. அவன் மட்டும், கையில் என்ன செய்வதென்று தெரியாத பொருள் அகப்பட்டுவிட்டவனைப்போல, மிச்சக் காற்றோடு உட்கார்ந்திருந்தான். அறுபது வயது, நாற்பது வருடப் புகை. அந்த நுரையீரல் முன்னைவிட நீளமாகியிருக்க வழியில்லை. எதிர்ப்பக்கத்தில்தான் ஏதோ குறைந்திருக்கிறது.

துஸ்லாவில் சோதித்தான். மோஸ்தாரில் சோதித்தான். வேண்டுமென்றே மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தும் சோதித்தான். ஒவ்வொரு தடவையும் ஜெயித்தான். ஜெயிக்க ஜெயிக்க இளைத்தான்.

ஏப்ரலில் யோசோவைப் பிடித்தான். யோசோவுக்கும் தலை நரைத்து, முதுகில் அக்கார்டியன் பட்டை நிரந்தரமாகப் பதிந்துவிட்டிருந்தது.

"யோசோ, உண்மையச் சொல்லு. அவ குரல் எப்படி இருக்கு?"

"தங்கம்டா."

"யோசோ."

யோசோ சிகரெட்டைப் பார்த்தான். "ரெண்டு வருஷமா நான் சுதிய ஒரு படி இறக்கித்தான் வாசிக்கறேன். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்காளோ என்னமோ. இந்த வருஷம் இன்னொரு அரைப் படி."

"அவகிட்ட சொன்னியா?"

"எனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? நீ அவ புருஷன். நீ சொல்லு."

"மே மாசம் முப்பதாவது வருஷ விழா வருது. சரயேவோவுல, டெலிவிஷன்ல நேரடியா. நாடே பார்க்கும். அங்க அறுந்துச்சுன்னா?"

"அறுந்தா நான் சத்தமா வாசிச்சு மூடிருவேன்."

"அறுந்தத மூடுவே. சிரிச்சத?"

யோசோ சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான்.

வாக்கு நினைவிருந்தது. வார்த்தைதான் இல்லை. முப்பத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் இத்ரிஸ் சொல்லப் பழகிய கடினமான வாக்கியம் 'வண்டி நிறைஞ்சிருச்சு, அடுத்ததுல வாங்க' என்பதுதான். அதைக்கூட அவன் தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்வான். மூன்று வாரம் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். "என்ன, ஆத்து மீனு மாதிரி?" என்று கேட்டாள் தெர்விஷா.

விழாவுக்குப் பத்து நாள் முன்னால், ஒரு ஞாயிறு காலை, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து விழாவுக்கான ரவிக்கைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் ஏதோ பொங்கி அடுப்பில் வழிகிற சத்தமும் ஒரு கெட்ட வார்த்தையும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் இத்ரிஸ் தட்டோடு வந்தான். வாழ்நாளில் முதல்முறையாகக் காபி போட்டிருந்தான்.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"குடி."

குடித்தாள். முகம் சுளித்தாள். பேசாமல் இன்னொரு மிடறு குடித்தாள். அவன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மறுபடி வழிகிற சத்தம், மறுபடி வசை. இரண்டாவது காபியோடு வந்தான். அவளுக்கு வேடிக்கையாகிவிட்டது.

"இதுல பொடி இருக்கு, காபி எங்க? பொடி அடியில தங்கற நேரத்துக்குப் பொறுக்க மாட்டியா?"

"பொறுத்தேன்."

பிளம் மரத்தைப் பற்றிப் பேசினார்கள். கூரை ஓடு பற்றிப் பேசினார்கள். அவள் பொத்தானை முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். இத்ரிஸ் எழுந்து உள்ளே போனான். இந்தத் தடவை எதுவும் வழியவில்லை. கைக்குப் பழக்கம் வந்துவிட்டது. திரும்பி வந்து, அவள் முன்னால் முக்காலியில் கிண்ணத்தை வைத்துவிட்டு, கைகட்டி நின்றான், பஸ்ஸில் கடைசிப் பயணிக்காகக் காத்து நிற்கிறவன்போல.

தெர்விஷா கிண்ணத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். விரலை மடக்கி எண்ணவில்லை. எங்கள் பெண்களுக்கு அந்த எண்ணிக்கை பிறப்பிலேயே தெரியும்.

பிறகு கிண்ணத்தை எடுத்து, சர்க்கரையைத் தொடாமல், கடைசிக் கசடு வரைக்கும் குடித்தாள்.

"எப்பலேருந்து?"

"ஸெனிட்சா."

"ஸெனிட்சாவா?" சட்டென்று எழுந்தாள். ரவிக்கை கீழே விழுந்தது. "எட்டு மாசமாச்சு! எட்டு மாசமா என்னை ஊரு ஊரா பாட விட்டுட்டு மூணாவது வரிசையில கல்லு மாதிரி உக்காந்திருந்தியா? பஸ்ஸுல வாக்குக் கொடுத்தியே மனுஷா!"

"கொடுத்தேன்."

"அப்புறம்?"

"வாய் வரலை. நீ பாடி முடிச்சதும் ஒரு சிரிப்பு சிரிப்பே. அதைப் பார்த்தா வரலை."

அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. பிறகு, திரும்பாமலே, சந்தேகத்தோடு கேட்டாள்: "உனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் காதே கிடையாதே. யோசோ சொன்னானா?"

இத்ரிஸ் தயங்கினான். பிறகு மூச்சு விஷயத்தைச் சொன்னான். முதல் நாள் கண்ணாடிக்கு வெளியே நின்றதிலிருந்து ஸெனிட்சா வரைக்கும், திருடினதை ஒப்புக்கொள்கிறவனைப்போலக் கீழே பார்த்தபடி சொன்னான். காது அடைத்ததைச் சொன்னான். சாக்ரெப் நகரத்தில் ஒருமுறை மயங்கிச் சாய்ந்ததையும் சொன்னான். பக்கத்து நாற்காலிப் பெண்மணி, பாட்டுக்கு இப்படி உருகுகிற ஆம்பளையைப் பார்த்ததில்லை என்று விசிறிவிட்டாளாம்.

தெர்விஷா மெல்ல உட்கார்ந்தாள். முப்பது வருடமாகப் பிறர் காதலைப் பாடியவள். தன்னிடம் யாரும் ஒரு வரி சொன்னதில்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னக் குறை இருந்ததாக, வெகுகாலம் கழித்து என் மனைவியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

"எல்லாக் கச்சேரியிலயுமா?"

"எல்லாத்துலயும்."

"கிறுக்கா" என்றாள். "செத்துப் போயிருப்பியே." கண்ணைத் துடைத்தாள், ஊசி குத்திவிட்டதுபோல விரலைப் பார்த்துக்கொண்டு. "சரி. காபி வந்தாச்சு, கிளம்பவேண்டியதுதான். ஆனா சொல்லிக்காமக் கிளம்ப மாட்டேன்."

மே மாதம் சரயேவோ அரங்கில் ஐயாயிரம் பேர். நான் மாடத்தில் இருந்தேன். அவள் வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், கைகளை மடியில் வைத்தாள். கண்ணை மட்டும் மூடவில்லை. ஒலிவாங்கியைப் பார்த்துப் பேசினாள். அவள் மேடையில் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"முப்பது வருஷமா உங்க வீட்டுல எல்லாம் வந்து உக்காந்திருக்கேன். முதல் காபி கொடுத்தீங்க. ரெண்டாவதும் கொடுத்தீங்க. இப்ப மூணாவது வந்திருச்சு."

அரங்கம் ஒரு கணத்தில் விளங்கிக்கொண்டது. பிறகு மாடத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "நாங்க கொண்டாரல! யாரு போட்டது அந்தக் காபிய?"

"எனக்கு வேண்டிய ஆளு ஒருத்தன் போட்டான்" என்றாள் தெர்விஷா. "ரொம்பக் கேவலமான காபி."

ஐயாயிரம் பேரும் சிரித்தார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒருவன் மட்டும் தன் காலணியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

யோசோ தொடங்கினான். இரண்டு சுரம் கேட்டதும் அவள் தலையைத் திருப்பினாள். "யோசோ. பழைய இடத்துல வாசி." யோசோவின் முகம் செத்துப்போயிற்று. ஒன்றரைப் படி ஏற்றினான்.

பாடினாள். துணி வெளுக்கிறவள் கல்லில் உட்கார்ந்தாள், குதிரைக்காரன் வந்தான். 'ஏ' என்று தொடங்கியபோது அவள் கண் திறந்திருந்தது, அது மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்ரிஸ் மூச்சை இழுத்து நிறுத்தினான். குரல் ஆற்றைத் தாண்டியது. மேட்டில் ஏறத் தொடங்கியபோது நூல் மெலிந்தது. எனக்கே கேட்டது. அவளுக்குக் கேட்டிருக்கும். காது இல்லாதவனுக்கு அவள் கழுத்து நரம்பு தெரிந்திருக்கும். அவன் நெஞ்சில் இன்னும் நிறையக் காற்று இருந்தது.

இத்ரிஸ் வாயைத் திறந்து, பஸ் பிரேக் விடுகிற சத்தத்தோடு, அவ்வளவையும் வெளியே விட்டான். அவள் பார்த்தாள். அதற்கப்புறம் ஒரு சின்ன வளைவு, விரல்நீளம்தான் இருக்கும், எங்கிருந்தோ எடுத்துப் போட்டு, முடித்தாள்.

அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. மறுநாள் ஒரு வெளியூர்ப் பத்திரிகை அதைப் 'பாடகிக்கு மக்கள் எழுந்து நின்று செலுத்திய மரியாதை' என்று எழுதியிருந்தது. மரியாதையும்தான். ஆனால் மூன்றாவது காபி தீர்ந்து ஒருவர் விடைபெறும்போது வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருப்பது முறையில்லை என்பதால்தான் நாங்கள் எழுந்தோம். வாசல் வரைக்கும் யாரும் கைதட்டவில்லை. அவள் திரை மறைவுக்குப் போன பிறகுதான் தட்டினோம், வெகுநேரம்.

வீடு திரும்புகிற பஸ்ஸில் தெர்விஷா சொன்னாள்: "நீ ஏமாத்தின."

"இல்ல."

"உனக்கு இன்னும் மூச்சு இருந்துச்சு."

"வயசாயிருச்சு பொண்ணே."

அவள் விடவில்லை, விசோகோ வரைக்கும் நச்சரித்தாள். அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை. மறுநாள் காலை இத்ரிஸ் நல்லெண்ணத்தோடு செம்புக் குடுவையைக் கையில் எடுத்தபோது அவள் பறித்துக்கொண்டாள்.

"அடுப்புப் பக்கம் வராதே. மூணு காபி போட்டு என்னை வானொலியிலேருந்தே அனுப்பிட்ட. நாலாவது போட்டா எங்க அனுப்புவியோ, யாருக்குத் தெரியும்?"